ஆங்கிலக் கவிதைக்கும் ஒரு கூற்று எழுதுங்கள்

புதிதாக வகுப்புக்கு வரும் பிள்ளை ஆங்கிலக் கவிதையொன்றைக் கண்ணால் ஒருமுறை மேய்ந்துவிட்டு முதலில் கேட்பது, "மிஸ், இதன் கருத்து என்ன?" என்றுதான். நான் சொல்வதில்லை. சொன்னால் அதைக் கொப்பியில் எழுதி, இரண்டு நிறத்தில் அடிக்கோடிட்டு, பரீட்சையில் அப்படியே ஒப்புவித்துவிடுவார்கள். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "குறுந்தொகைப் பாட்டோடு சேர்த்து ஒரு சிறு வரி அச்சிட்டிருப்பார்களே, அதில் என்ன இருக்கும்?"

தமிழ்ப் பாடம் படித்த பிள்ளைக்கு அது தெரியும். தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்த வேளையில் சொன்னது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும். 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண்ணும் மழைநீரும் கலந்ததுபோல நெஞ்சம் கலந்தன என்பதைத் திருமண அழைப்பிதழில் போடும் அளவுக்கு இனிப்பான பாட்டாகத்தான் எல்லோரும் அறிவார்கள். கூற்று வரியைப் படித்தால் இனிப்புக்கு அடியில் ஓர் அச்சம் தெரிகிறது. இவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி கலங்குகிறாள். அந்தக் கலக்கத்தை முகக்குறிப்பில் கண்டுதான் தலைவன் இப்படிப் பேசுகிறான். பாட்டில் ஒரு சொல்கூட மாறவில்லை, ஆனால் அது கொண்டாட்டமாக இல்லாமல் ஆறுதலாக மாறிவிடுகிறது.

ஆங்கிலக் கவிதைகளுக்கு அப்படியொரு வரியை யாரும் எழுதி வைக்கவில்லை. அதை நீங்கள் எழுத வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்கு மிக அருகே உள்ள ஒரு மாடி அறையில் நான் நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்து வருவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான். மற்ற உத்திகள் எல்லாம் இதன் பின்னால் வருகின்றன.

முதல் வாசிப்பில் பேனையைத் தொடாதீர்கள். வாய்விட்டு வாசியுங்கள். வீட்டில் வெட்கமாக இருந்தால் மொட்டைமாடிக்குப் போய் வாசியுங்கள். இரண்டாம் வாசிப்பின் முடிவில் கவிதைக்கு அடியில் பென்சிலால் உங்கள் கூற்று வரியைத் தமிழிலேயே எழுதுங்கள். பென்சில் ஏனென்றால் அதை நீங்கள் இரண்டு மூன்று முறை திருத்தப் போகிறீர்கள்.

ராபர்ட் பிரௌனிங் 1842இல் வெளியிட்ட 'மை லாஸ்ட் டச்சஸ்' இந்தப் பயிற்சிக்கென்றே செய்ததுபோல் அமைந்த கவிதை. மொத்தம் 56 வரிகள். ஒருவர் மட்டுமே பேசுகிறார். எங்கள் வகுப்பில் வரும் முதல் கூற்று பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'மனைவியை இழந்த ஒரு பிரபு அவளுடைய ஓவியத்தைப் பார்த்துச் சொல்லியது.' தவறில்லை, ஆனால் யாரிடம் என்பது விடுபட்டிருக்கிறது. "பிள்ளை, இவர் யாரோடு கதைக்கிறார்? 49ஆம் வரியைப் பாரும்" என்பேன். அங்கேதான் உண்மை வெளியே வருகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர் வேறொரு பிரபுவின் தூதர். அந்தப் பிரபுவின் மகளை இவர் அடுத்த மனைவியாகக் கொள்ளப் போகிறார். சீதனப் பேச்சு நடக்கிறது. இப்போது கூற்றைத் திருத்துங்கள்: 'பெண் பேச வந்த தூதரிடம், இறந்த மனைவியின் ஓவியத்துக்குத் திரையை விலக்கி, பிரபு சொல்லியது.' இதை எழுதியவுடன் அடுத்த கேள்வி தானாக வரும். சம்பந்தம் பேசும் வேளையில் ஒருவர் ஏன் முதல் மனைவியின் கதையைச் சொல்ல வேண்டும்? புலம்பலா, வாய் தவறிய உளறலா, புதிதாக வரப்போகிறவளுக்கு அனுப்பும் எச்சரிக்கையா? உங்கள் கட்டுரை அந்தக் கேள்வியில்தான் பிறக்கிறது.

பிறகு வாதத்துக்குச் சான்று தேடுங்கள். ஐந்தாம் வரியில் பிரபு தூதரை உட்காரச் சொல்கிறார். 47ஆம் வரியில் எழுந்திருக்கச் சொல்கிறார். அந்த இடைவெளியில் ஒரு பெண்ணின் முழு வாழ்வும் விசாரணைக்கு வந்து தீர்ப்பாகிவிடுகிறது. அவள் செய்த குற்றங்கள் என்ன? ஒருவர் பறித்துக் கொடுத்த செர்ரிக் கொப்புக்கும், ஏறிச்செல்ல ஒரு வெள்ளைக் கோவேறு கழுதைக்கும், கணவர் கொடுத்த 900 ஆண்டுப் பழமையான குடும்பப் பெயருக்கும் ஒரே மாதிரி முகம் மலர்ந்தாள். அதன் பிறகு இரண்டு துண்டு வாக்கியங்கள்: கட்டளையிட்டேன், புன்னகைகள் எல்லாம் ஒன்றாக நின்றுபோயின. கொன்றதாக எங்கும் சொல்லப்படவில்லை. உடனே சீதனம் வருகிறது, பிறகு கடற்குதிரையை அடக்கும் நெப்டியூனின் வெண்கலச் சிலை வருகிறது. திரையை விலக்கும் உரிமை தனக்கு மட்டுமே என்று தொடக்கத்தில் அவர் சொன்னதையும் இப்போது திரும்பிப் பாருங்கள். உயிரோடு இருந்தவரை அவள் யாரைப் பார்த்துச் சிரிப்பாள் என்பது அவர் கையில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

மறக்கக்கூடாத ஒன்று, பேசாமல் இருப்பவரின் அசைவு. 53ஆம் வரியில் பிரபு, இல்லை, சேர்ந்தே இறங்குவோம் என்கிறார். அப்படியென்றால் தூதர் என்ன செய்ய முயன்றிருக்க வேண்டும்? மரியாதைக்காகப் பிரபுவை முன்னே போகவிட்டுப் பின்தங்கினாரா, அல்லது அந்த இடத்தைவிட்டுத் தப்பினால் போதும் என்று படியிறங்கப் பார்த்தாரா? இரண்டு விடைக்கும் இடம் உண்டு. ஒன்றைத் தெரிவுசெய்து காரணம் சொல்லுங்கள். 'இவ்வாறும் கொள்ளலாம், அவ்வாறும் கொள்ளலாம்' என்று மட்டும் எழுதிவிட்டு நழுவும் விடைகளில் என் சிவப்புப் பேனை அதிகம் நிற்கும்.

எல்லாக் கவிதையும் இவ்வளவு நாடகத்தன்மையோடு இராது. ஷெல்லியின் 'ஒசிமாண்டியஸ்' 1818இல் வந்த 14 வரிக் கவிதை. அதில் 'நான்' என்பவர் இரண்டாம் வரியிலேயே பேச்சை ஒரு பயணியிடம் கொடுத்துவிடுகிறார். பயணி பீடத்தில் பொறித்த அரசனின் வார்த்தைகளைச் சொல்கிறார். அந்த அரசனின் முகத்தைச் சரியாகப் படித்துக் கல்லில் பதித்த சிற்பி ஒருவரும் இடையில் இருக்கிறார். அரசனின் ஆணவக் குரல் இத்தனை கைமாறித்தான் நம்மிடம் வருகிறது என்று கூற்று எழுதிவிட்டால், 'காலம் எல்லாவற்றையும் அழிக்கும்' என்ற தேய்ந்த வசனத்தில் நீங்கள் நிற்கமாட்டீர்கள். அழியாமல் மிஞ்சியது எது, யாருடைய திறமையால் மிஞ்சியது என்று கேட்கத் தொடங்குவீர்கள்.

கூற்றுக்கு அடுத்து, திருப்பம். பேச்சு எந்த இடத்தில் திசை மாறுகிறது என்று பார்த்து ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். சொனெட் என்ற கவிதை வடிவத்தில் இதற்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியரின் சொனெட்டுகள் 1609இல் அச்சேறின. 18ஆவதில் திருப்பம் ஒன்பதாம் வரியில் 'ஆனால்' என்று வெளிப்படையாக வருகிறது. 130ஆவதில் பன்னிரண்டு வரி காதலியின் கண்ணையும் கூந்தலையும் மூச்சையும் குறைத்துச் சொல்லிவிட்டுக் கடைசி இரண்டு வரியில்தான் திரும்புகிறார். எட்டு வரிக்குப் பின் திரும்புவதற்கும் பன்னிரண்டு வரி காக்கவைத்துத் திரும்புவதற்கும் கேட்பவரின் பொறுமை வேறுபடும். அந்த வேறுபாட்டைப் பற்றி எழுதுங்கள். 'இது ஒரு சொனெட், இதில் 14 வரிகள் உள்ளன' என்று எழுதுவதால் பயனில்லை. திருத்துபவருக்கும் எண்ணத் தெரியும்.

சந்தத்தைப் பற்றிப் பிள்ளைகள் அநாவசியமாகப் பயப்படுகிறார்கள். நம் யாப்பில் அசை என்பது குறில், நெடில், ஒற்று பார்த்துப் பிரிப்பது. ஆங்கிலத்தில் எந்த அசையில் குரல் அழுந்துகிறது என்பதுதான் கணக்கு. நாம் பேசும்போது எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே நிறை கொடுத்துப் பழகியதால் காது உடனே பிடிக்காது. மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் பாத்திரங்கள் வழக்கமாகப் பேசும் வரியில் ஐந்து சீர், சீருக்கு இரண்டு அசை, இரண்டாவதில் அழுத்தம். இதைத் தெரிந்துகொண்டபின் ஒழுங்காகப் போகும் வரிகளைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். ஒழுங்கு குலையும் இடத்தில் மட்டும் நில்லுங்கள்.

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில், மனைவி இறந்த செய்தி வந்தபின் மக்பெத் பேசும் 'டுமொரோ, அண்ட் டுமொரோ, அண்ட் டுமொரோ' வரியைத் தட்டிப் பாருங்கள். ஐந்து அழுத்தங்களில் இரண்டு 'அண்ட்' மீது விழும். சாதாரணப் பேச்சில் யாரும் அந்தச் சொல்லை அழுத்துவதில்லை. இங்கே நாளைக்கு மேல் நாளையாக அடுக்கும் களைப்பே அந்தச் சிறு சொல்லில்தான் ஏறியிருக்கிறது. கடைசியில் பதினோராவதாக ஓர் அசை அழுத்தமில்லாமல் தொங்கி நிற்கிறது. சந்தம் தெரிந்ததனால் கிடைத்த கருத்து இது. இப்படி ஒன்று கிடைக்காவிட்டால் சந்தத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதே நல்லது. மோனையையும் எதுகையையும் வட்டமிட்டுப் பட்டியல் போடும் பழக்கத்துக்கும் இதே விதிதான்.

நாடகத்துக்கு வருகிறேன். நாடகத்தில் யார் பேசுகிறார் என்பது அச்சிலேயே இருக்கிறது. ஆகவே கூற்று எழுதும் வேலை முடிந்துவிட்டதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை. அகப்பாடல்களில் சிறைப்புறம் என்று ஒன்று உண்டல்லவா? தலைவி தோழியிடம் பேசுவாள். வேலிக்கு அப்பால் தலைவன் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். 'நிலத்தினும் பெரிதே' பாட்டை அப்படித்தான் விளக்குகிறார்கள். நாடகக் காட்சி ஒவ்வொன்றிலும் உங்கள் வேலை வேலிக்கு அப்பால் நிற்பவரைக் கண்டுபிடிப்பது.

'மக்பெத்' ஐந்தாம் அங்கத்தின் முதற் காட்சியைப் பாருங்கள். லேடி மக்பெத் தூக்கத்தில் நடக்கிறாள். அவள் பேசுவது யாரோடும் இல்லை. ஆனால் ஒரு மருத்துவரும் ஒரு பணிப்பெண்ணும் இருட்டில் நின்று கேட்கிறார்கள். நாடகம் முழுவதும் இரகசியத்தைப் பூட்டிவைத்த பெண்ணின் வாய் இங்கே அந்நியர் முன் திறந்துகிடக்கிறது. இந்தக் காட்சியை நான் எப்போதும் எழுந்து நின்று நடித்துப் பார்க்கச் சொல்வேன். இடம் போதாது, கதிரைகளைச் சுவரோடு தள்ள வேண்டும், கரையோர ரயில் போனால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இருந்தாலும் நடித்தால்தான் ஒரு விஷயம் தெரியும்: அவள் கையில் விளக்கு இருக்கிறது. விளக்கைப் பிடித்துக்கொண்டே கையைக் கழுவ முடியாது. எங்கேயாவது அதை வைத்தாக வேண்டும். எங்கே, எப்போது வைப்பது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை நல்லது. விளக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் பின்னோக்கிப் போய்த் தேடுவார்கள்.

முதல் அங்கம் ஐந்தாம் காட்சியில் அவள் இருளை அழைக்கிறாள். தன் கத்தியே தான் செய்யும் காயத்தைக் காணாதபடி தடித்த இரவு வந்து மூடட்டும் என்கிறாள். ஐந்தாம் அங்கத்தில், எப்போதும் தன்னருகே விளக்கு இருக்க வேண்டும் என்பது அவளுடைய கட்டளை என்று பணிப்பெண் சொல்கிறாள். இரண்டாம் அங்கத்தில், மக்பெத் அரசனைக் கொன்றபின், கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தச் செயல் கழுவப்பட்டுவிடும் என்றாள். இப்போது அரேபியாவின் வாசனைத் திரவியங்கள் எல்லாம் சேர்ந்தும் இந்தச் சின்னக் கையை மணக்கச் செய்யாது என்கிறாள். அன்று உண்மையாகவே கதவு தட்டப்பட்டது. இன்று இல்லாத தட்டலுக்குப் படுக்கைக்கு ஓடுகிறாள். ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாளே, அவள் எங்கே என்று கேட்கிறாள். நான்காம் அங்கத்தில் நடந்த அந்த மனைவியின் கொலையும் லேடி மக்பெத்தின் தூக்கத்துக்குள் வந்துவிட்டது. ஒரு காட்சிக்குள் முன்னைய அங்கங்கள் துண்டு துண்டாகத் திரும்பி வருகின்றன. இன்னொன்று: முன்பு செய்யுளில் பேசி ஆண்ட பெண் இங்கே உரைநடையில் உதிர்கிறாள். அவள் போனபின் மருத்துவர் செய்யுளுக்குத் திரும்புகிறார். புத்தகத்தில் வரிகள் ஓரம்வரை ஓடுகின்றனவா, இடையில் ஒடிகின்றனவா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

'ஒதெல்லோ' படிக்கிறவர்களுக்கு ஒரு சொல். கைக்குட்டையை டெஸ்டிமோனா தொலைத்துவிட்டாள் என்று எழுதாதீர்கள். மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியை எழுந்து நின்று செய்து பாருங்கள். தலைவலி என்ற கணவனின் நெற்றியில் அவள் அதைக் கட்டப் போகிறாள். சிறியது என்று மறுத்து, அதை விட்டுவிடச் சொல்பவன் ஒதெல்லோ. அது விழும்போது இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள். பின்னர் அதே கைக்குட்டை எங்கே என்று அவன் கேட்கும்போது இதை நினைவூட்டும் விடைக்கு நான் தாராளமாகப் புள்ளி கொடுப்பேன். லயனல் வென்ட் அரங்கில் பாடசாலைப் பிள்ளைகள் ஷேக்ஸ்பியர் போடும் காலத்தில் கட்டாயம் போய்ப் பாருங்கள். நடிப்பு முன்பின்னாக இருக்கலாம். மேடையில் பேசாமல் நிற்கும் பிள்ளை கையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்று கவனிக்கவே போகிறோம்.

இப்படித் தமிழ்க் கண்ணாடி போட்டு ஆங்கிலம் படிப்பது சரியா என்று சில பெற்றோர் கேட்பார்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளியிட்ட 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை நம் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்திருக்கிறார். அவருக்குக் கூசாதது நமக்கும் கூச வேண்டியதில்லை.

இனி எழுதுவது. சிந்தனை தமிழில் வந்தால் வரட்டும், ஓரக்குறிப்பும் தமிழில் இருக்கட்டும். விடையை மட்டும் நேராக ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழ்ப் பந்தியை வரிக்கு வரி பெயர்த்தால் இரண்டு மொழியும் நொண்டும். ஷேக்ஸ்பியர் 1564இல் பிறந்தார் என்று தொடங்க வேண்டாம். தலைசிறந்தவர், ஒப்பற்றவர் என்ற மாலைகளும் வேண்டாம். அவை மேடைப்பேச்சுக்கு உரியவை. மக்பெத் எழுதப்பட்ட 1606ஐ ஒட்டிய காலத்தில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த முதலாம் ஜேம்ஸ் அரியணையில் இருந்தார், சூனியம் பற்றி அவரே ஒரு நூல் எழுதியிருந்தார் என்பது சுவையான செய்திதான். சூனியக்காரிகளைப் பற்றிய வாதத்துக்கு அது தோள் கொடுத்தால் சேருங்கள். இல்லாவிட்டால் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாதீர்கள்.

பந்தி ஒன்றுக்கு ஒரு வாதம் போதும். கொமியூனிகேஷன் கடையில் ஒளிப்பிரதி எடுத்துக் கைமாறும் குறிப்புகளில் இப்படி ஒரு வசனம் அடிக்கடி வரும்: 'ஷேக்ஸ்பியர் இங்கே ஒளி என்னும் படிமத்தைத் திறமையாகக் கையாண்டு வாசகரைக் கவர்கிறார்.' ஷேக்ஸ்பியரை எடுத்துவிட்டு வேறு யாருடைய பெயரைப் போட்டாலும் இது பொருந்தும். ஆகவே இது எதையும் சொல்லவில்லை. இதற்கு மாற்றாக: 'கத்தி காயத்தைக் காணாதபடி இரவை அழைத்தவள் இறுதியில் விளக்கில்லாமல் இருக்க முடியாதவளாகிறாள். ஆனால் அவள் கண் திறந்திருந்தாலும் புலன் மூடியிருக்கிறது என்கிறாள் பணிப்பெண். கேட்டுப் பெற்ற வெளிச்சம் அவளுக்கு எதையும் காட்டவில்லை. அவளைத்தான் மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது.' கடைசி வாக்கியம் வேலிக்கு அப்பால் நிற்பவரை நினைத்ததனால் வந்தது. மேற்கோள் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம், அதையும் உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே செருகுங்கள். நான்கு வரியை முழுதாக இறக்கிவிட்டு, 'இதிலிருந்து அவளது குற்றவுணர்வு தெரிகிறது' என்று முடித்தால் வேலையை ஷேக்ஸ்பியர் செய்திருக்கிறார், நீங்கள் செய்யவில்லை.

முன்பின் பார்த்திராத கவிதை வினாத்தாளில் வந்தால் பதற வேண்டாம். தலைப்பை வாசியுங்கள், முழுவதையும் உதட்டசைவோடு இருமுறை வாசியுங்கள், வினாத்தாளின் ஓரத்தில் கூற்று எழுதுங்கள், திருப்பத்தில் கோடு போடுங்கள். புரியாத இரண்டு மூன்று சொற்களை அப்படியே விட்டுவிடலாம். புரிந்த சொற்களுக்கு இடையே எங்கோ ஒன்று உறுத்தும்: பொருந்தாத ஒரு பெயரடை, திடீரென்று குட்டையாகும் ஒரு வரி, கேள்வி கேட்டுவிட்டு விடை சொல்லாத ஓர் இடம். அந்த உறுத்தலிலிருந்து முதற் பந்தியைத் தொடங்குங்கள்.

மனப்பாடம் செய்ய மேற்கோள் பட்டியல் கேட்கிறவர்களுக்கு நான் கொடுப்பது ஒரு வெற்றுத் தாள்தான். அதில் நான்கு பத்தி கோடிட்டு, வரி, சொன்னவர், கேட்டவர், மறைந்து கேட்டவர் என்று தலைப்பிட்டு, நாடகத்தை மறுபடி வாசித்துக்கொண்டே நிரப்புங்கள். கடைசிப் பத்தியில் பல இடங்கள் காலியாக இருக்கும். அங்கெல்லாம் பார்வையாளர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.